நாலு பக்கமும் வாசல்

பழைய தமிழ் வீட்டின் மண்ணுக்கு இரண்டு சுபாவம் உண்டு. முன்னால் வாசல். விடிவதற்குள் அதைப் பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்டாக வேண்டும். அங்கே ஒரு புல் தலைகாட்டினாலும் வீட்டுப் பெண்கள் மேல் பேச்சு விழும். பின்னால் கொல்லை. புழக்கடை என்பார்கள், தோட்டம் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் வளவின் கோடிப்புறம் என்பார்கள். அங்கே விளக்குமாறு பாதி தூரம்தான் போகும். பாத்திரம் தேய்க்கும் இடம், துவைக்கிற கல், கிணறு, மாட்டுக்கொட்டில், அதற்கும் அப்பால் யார் நட்டது என்று ஒருவருக்கும் நினைவில்லாத செடிகள். சங்கப் பாடல்களில் வரும் படப்பை என்ற சொல் வீட்டை ஒட்டிய இத்தகைய தோட்ட நிலத்தைக் குறிப்பது. இன்று அது பலருக்குத் தாம்பரத்துக்கு மேற்கே ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நகரத்து வீடுகளில் செடி குறைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட முடியாது. மொட்டை மாடியில் தொட்டிகள் இருக்கின்றன, பால்கனிக் கம்பியில் மணி பிளாண்ட் தொங்குகிறது, புறவழிச்சாலை நெடுகிலும் நர்சரிகள் முளைத்திருக்கின்றன. ஆனாலும் எதுவோ போய்விட்டது. வாசலின் சட்டம் பக்கத்துச் சந்து வழியாக மெல்ல நடந்து போய்க் கொல்லையையும் பிடித்துக்கொண்டது. இப்போதைய வீட்டுக்கு நாலு பக்கமும் வாசல்தான்.

அந்தச் சட்டம் எளிமையானது: மண் தெரியக் கூடாது, இலை கிடக்கக் கூடாது, ஊர்வது எதுவும் கண்ணில் படக் கூடாது. முன்பு சாணம் செய்த வேலையை இப்போது பேவர் பிளாக் செய்கிறது. சுவருக்கும் மதிலுக்கும் நடுவே விதிப்படி விட வேண்டிய மூன்றடியோ ஐந்தடியோ, கொத்தனார் பேச்சில் செட்பேக், கட்டட வேலை முடிகிற வாரத்தில் மிஞ்சிய ஜல்லியும் சிமெண்டும் வீணாகாமல் இருக்கட்டும் என்று பூசி மெழுகப்படுகிறது. பூஜை அறை எந்த மூலையில் என்பதற்கு ஒரு மாதம் விவாதம் நடந்த வீட்டில் இந்த மூன்றடிக்கு ஒரு நிமிஷப் பேச்சு நடந்திருக்காது. பிறகு மதிலோரம் ஒன்றரை அடி மண்ணை விட்டு அரேகா பனை, குரோட்டன்ஸ், இடமிருந்தால் ஒரு பாய் அளவு கொரியன் புல். நர்சரிக்காரர் சொல்லும் முதல் நற்குணம், "இதுல பூச்சியே விழாது சார்." அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. அரேகா பனை மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. இந்த ஊர்ப் புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அதைத் தின்னத் தெரியாது. வருஷம் முழுக்க ஓட்டையில்லாத பச்சை. ஓட்டையில்லாத இலையைப் பார்த்து நிம்மதி கொள்ளும் கண் எப்போது வந்தது என்பதுதான் உறுத்துகிறது.

பூச்சி விழுவது என்றால் என்ன என்பது கறிவேப்பிலை மரத்தடியில் அரைமணி நேரம் நின்றால் தெரியும். மழை விட்ட காலையில் கறிவேப்பிலை அழகி வரும். கரிய பின்சிறகில் வெள்ளைப் புள்ளிகளை வரிசையாக வைத்த வண்ணத்துப்பூச்சி. பூவை அது தேடுவதில்லை. கொழுந்தாகப் பார்த்து உட்கார்ந்து, முன்னங்காலால் இலையைத் தட்டித் தட்டி ருசி பார்க்கிறது. சரியான இலைதான் என்று தெரிந்ததும் வயிற்றை வளைத்துக் கடுகளவு வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த கிளைக்குப் போகிறது. சில நாளில் வெளிவரும் புழுவைக் குருவி எச்சம் என்றே நினைக்கத் தோன்றும்: பழுப்பும் வெள்ளையும், அந்த ஈரப் பளபளப்பு உட்பட. கடைசியாகத் தோலுரித்த பிறகு பச்சையாகிவிடும். விரல் நுனியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பொன்று வெளியே நீளும், கெட்டுப்போன எலுமிச்சம்பழ வாடை அடிக்கும், பிறகு கொம்பு உள்ளே போய்விடும். இதே இலையையும் எலுமிச்சை, நாரத்தை இலைகளையும் தின்பது எலுமிச்சை அழகியின் புழு. இந்தக் குடும்பத்துச் செடிகளை விட்டால் இவற்றுக்கு வேறு கதியில்லை. சமையலறையின் பதில் புளித்த மோர். தண்ணீர் கலந்து தெளித்தால் புழு குறையும், செடியும் தழையும் என்பது பழைய வைத்தியம். கொல்லையில் நின்றது ஆளுயரத்தைத் தாண்டிய மரம். கைக்கெட்டுகிற கிளை குழம்புக்கு, எட்டாத கிளை புழுவுக்கு என்று யாரும் ஒப்பந்தம் போடாமலே பங்கு பிரிந்திருந்தது. இப்போது தொட்டியில் இருப்பது முப்பது நாற்பது ஈர்க்கு. நாலு புழு வந்தால் இரண்டு நாளில் மொட்டை. முந்திய தலைமுறையின் தாராளம் என்று தோன்றுவதில் பாதி வெறும் இட வசதிதான். அதனால் இடமுள்ளவர்களுக்கு மட்டும் ஓர் எளிய யோசனை உண்டு: கறிவேப்பிலை இரண்டாக இருக்கட்டும், ஒன்றைப் பறிக்காமல் விடலாம்.

புழுவுக்கு இவ்வளவு இடம் கொடுத்து எழுதுவது வேடிக்கையாகப் படலாம். வீட்டுத் தோட்டத்துக்குப் பறவை வர வேண்டும் என்று விரும்பாதவர் கிடையாது, புழு வர வேண்டும் என்று விரும்புகிறவரும் கிடையாது. இரண்டும் ஒரே விருப்பம் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் டெலவேர் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர் டக் டாலமி. அமெரிக்காவின் சிக்கடி என்ற சிட்டுக்குருவி அளவுக்கும் சிறிய பறவை ஓர் ஈட்டுக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து பறக்கவிடுவதற்குள் 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை கொண்டுவர வேண்டியிருக்கிறது. வாஷிங்டன் நகரைச் சுற்றிய வீட்டுத் தோட்டங்களில் அவரும் டிசைரே நரங்கோவும் பீட்டர் மாராவும் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தோட்டத்து மரம் செடிகளில் அந்த மண்ணுக்குரியவை 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அங்கே சிக்கடியின் கூட்டம் தன்னைத்தானே நிரப்பிக்கொள்ள முடிவதில்லை. கூடு கட்டும், முட்டையிடும், ஆனால் செலவுக்கு வரவு போதாது. இந்த எண்களை அப்படியே திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ தூக்கிக்கொண்டு வர முடியாது. அங்கே ஓக் மரம், இங்கே வேம்பு. அங்கே ஒரே ஒரு வசந்தம், இங்கே மழைக்குத் தக்கபடி கூடு. ஆனால் காரணம் இடம் மாறுவதில்லை. தேனைக் குடித்துத் திரியும் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குக் கொண்டுபோவது சிலந்தியும் சிறு பூச்சியும்தான். கூட்டைப் பின்னிக் கட்டுவதும் சிலந்தி நூலால்தான். ஒட்டடை அடித்துத் துடைத்த வீட்டில் அதற்குச் சோறும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை.

இதை அறியாமல் போடப்படுபவைதான் இப்போது விற்கும் வண்ணத்துப்பூச்சித் தோட்டங்கள். இட்லிப்பூ, கலர் கலராக உண்ணிச்செடி, வட்டமாகச் செங்கல் பாத்தி. தேன் இருக்கிறது, பூச்சி வரும், படம் எடுக்கலாம். முட்டையிட ஓர் இலை இருக்காது. சாப்பாட்டுக் கடை உண்டு, பிள்ளை பெற இடமில்லை. வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். எருக்கை வீட்டுக்குள் வைக்க யாருக்கும் மனம் வராது. அரளியைத் தின்று வளரும் கருநிற வண்ணத்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழு வெள்ளியில் வார்த்த ஜிமிக்கி போலத் தொங்கும். அரளிப் பூவுக்குக் கோயில் உண்டு, அதன் இலையில் புழு இருந்தால் மருந்து. உண்ணிச்செடியின் கதை இன்னும் மோசம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் தோட்டத்து அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று முதுமலைக் காட்டுக்குள் யானை நுழையத் திணறும் புதராகப் படர்ந்து கிடக்கிறது. வீட்டுத் தோட்டம் மதிலோடு முடிந்துவிடுவதில்லை, பழத்தைத் தின்ற சின்னான் மதிலைப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு நம்மூர்ச் செடி, அயலூர்ச் செடி என்று கோடு கிழித்துவிடலாம் என்றால் கோடு கோணுகிறது. பப்பாளியும் கொய்யாவும் கடல் தாண்டி வந்தவை. அவை இல்லாத கொல்லையைக் கற்பனை செய்வது கஷ்டம், குயிலும் அணிலும் அதைவிடக் கஷ்டப்படும். மிளகாய்ச் செடியைப் பிடுங்கி எறி என்று சொல்லத் துணிகிறவர் யார்? எது எங்கிருந்து வந்தது என்பதைவிட, எது எத்தனை வாய்களுக்கு இலையாகவும் பூவாகவும் பழமாகவும் போகிறது, எது வேலி தாண்டி ஓடுகிறது என்று கேட்பது தோட்டக்காரருக்குக் கொஞ்சம் உதவும்.

கம்பளிப்பூச்சி விஷயத்தில் இந்தத் தாராளமெல்லாம் சோதனைக்கு வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் முருங்கை மரத்தடியில் கம்பளிப்பூச்சிகள் ஒரு கிழிந்த போர்வையைச் சுற்றிவைத்தது போலக் கும்பலாக ஒட்டிக் கிடக்கும். மேலே பட்டால் தடித்து அரிக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் அதற்கு மேல் வாதம் இல்லை. தீப்பந்தம் பிடித்துக் கருக்குவார்கள், அல்லது மரத்தையே வெட்டிவிடுவார்கள். அடுத்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதும் இதற்காகத்தான். ஆனால் மற்றப் பறவைகள் தொடத் தயங்கும் இந்த மயிர்ப்புழுவை விரும்பித் தின்பவை குயில் இனங்கள். கறுப்பு வெள்ளைச் சுடலைக்குயில் மழையோடு வருகிறது, கம்பளிப்பூச்சியைத் தின்கிறது, தன் முட்டையைத் தவிட்டுக்குருவியின் கூட்டில் வைத்துவிடுகிறது. தவிட்டுக்குருவிக்கோ கீச்சுக்கீச்சென்று கும்பலாகச் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கச் சருகு வேண்டும், உடல் மறையக் கூடு கட்டப் புதர் வேண்டும். ஆக முருங்கையின் கம்பளிப்பூச்சிக்கு மருந்து புங்கமரத்துச் சருகில் இருக்கிறது என்று ஒரு சங்கிலி போடலாம். போடலாம் என்பது காகிதத்தில். மூன்றடிச் சந்தில் சுடலைக்குயில் வந்து கணக்கைத் தீர்க்கும் என்று காத்திருந்தால் பிள்ளைக்கு அரிப்புதான் மிஞ்சும். இத்தகைய சங்கிலி ஒரு வீட்டுக்குள் முடிவதில்லை. ஒரு தெரு முழுக்கக் கொல்லைகள் தொட்டுக்கொண்டு கிடந்தபோது அது ஓடியது. தனி வீட்டில் செய்ய முடிவது சிறியது: முருங்கையைப் படுக்கையறை ஜன்னலுக்கும் குழந்தை விளையாடும் இடத்துக்கும் விலக்கி மதில் கோடியில் வைப்பது, மழை தொடங்குவதற்கு முன் கிளையைக் கவாத்து செய்வது, கும்பல் தெரிந்த அன்றே நீளக் குச்சியில் துணி சுற்றி வழித்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுவது.

கொல்லையின் செடிகள் எங்கே நிற்கும் என்பதை அழகு தீர்மானித்ததில்லை, தண்ணீர் தீர்மானித்தது. குளிக்கிற தண்ணீர் ஓடிய வழியில் வாழை; அது தேங்குகிற பள்ளத்தில் சேம்பும் கல்வாழையும்; கிணற்றடியில் தென்னை; தண்ணீர் எட்டாத மேட்டில் நொச்சி, மருதாணி. நாள் முழுக்கக் கிடைக்கும் அழுக்குத் தண்ணீரைக் குடித்துத் தீர்க்க வாழையைப் போல ஆள் இல்லை. அகன்ற இலை அதை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். இன்று அதே ஏற்பாட்டைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரப்பும் சீயக்காயும் கலந்த தண்ணீர் வேறு, வாஷிங் மெஷின் துப்பும் தண்ணீர் வேறு. சலவைத் தூளின் சோடியம் ஏறினால் மண் இறுகிப் பாளமாகிவிடும். குளியல் தண்ணீரை வாழைக்கு விடலாம். துவைக்கும் தண்ணீரை முதலில் கல்வாழைப் பாத்தியில் ஓடவிட்டு, அடிக்கடி மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோ பாய்ச்சி உப்பைக் கழுவ வேண்டும். மழைத்தண்ணீரின் கணக்கு பெரியது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையில் அது 3 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் 26 லோடு. 2003-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கூரைத் தண்ணீருக்குக் குழாய் வந்தது, கேட்டுக்குப் பக்கத்தில் மூடி போட்ட குழி வந்தது. சுற்றியுள்ள தரையின் தண்ணீர் பேவர் பிளாக் மேல் வழுக்கித் தெருவுக்குப் போனது. 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருக்களில் 2019 கோடையில் பிளாஸ்டிக் குடங்கள் லாரிக்குக் காத்து வரிசையில் நின்றன. இதற்கு வீட்டுச் சிமெண்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். ஏரிக்குள் எழும்பிய கட்டடங்கள் முதலில் ஏற வேண்டும். ஆனால் ஏரியை மீட்க வீட்டுக்காரரால் முடியாது, மூன்றடிச் சிமெண்டைப் பெயர்க்க ஒரு நாள் கூலி போதும். கொசு வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது மண்ணில் உறிஞ்சப்படும் தண்ணீரில் அல்ல, தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில், ஏசி சொட்டும் டப்பாவில், இலைக்குவளையில் தண்ணீரை ஏந்தி வைத்துக்கொள்ளும் புரோமிலியாட் போன்ற அலங்காரச் செடியில். சுத்தமான வீட்டின் சுத்தமான தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும்.

தரை என்று வந்தால் பேச்சு சருகுக்கு வந்து நிற்கும். மாசி பங்குனியில் புங்கமரம் ஒரு வாரத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டு அடுத்த வாரம் கண்ணைக் கூசவைக்கும் பச்சையில் தளிர்த்துவிடும். அந்தத் தளிரிலும் சீக்கிரமே பரு பருவாகக் கொப்புளம், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் ஒன்று கட்டிக்கொண்ட வீடு. மரத்துக்கு நோய் என்று பயந்து ஆளைக் கூப்பிடுவார்கள். மரம் அதைப் பொருட்படுத்துவதில்லை. கொட்டிய சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே ஒரு மழைக்காலம் விட்டு, பிறகு கையால் விலக்கிப் பார்த்தால் மேலே மொரமொரப்பு, அடுத்த அடுக்கில் வலைபோல நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள், அதன் கீழே காப்பித்தூள் போல ஈரமான கருமண், மரவட்டை, மண்புழு, வெளிச்சம் பட்டதும் வழுக்கி மறையும் அரணையின் செம்பழுப்பு வால். இந்த இடத்தில்தான் பாம்புப் பயம் எழுகிறது, அதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. பூரானும் பாம்பும் சருகில் பதுங்கும் என்பது அனுபவம். பழைய கொல்லைக்கு இதற்கு விடை இருந்தது. புழக்கடைக் கதவைத் திறந்ததும் காடு தொடங்கியதில்லை. முதலில் மெழுகிய தரை, பிறகு கால் பழகிய வெறும் மண், அதற்கப்பால்தான் செடி, கடைசியில் புதர். சுவரை ஒட்டி ஒரு மூன்றடி பெருக்கிய தரை, அதிலிருந்து உயரம் ஏறிக்கொண்டே போகும் செடிகள், மதிலோரம் மட்டும் சருகு என்று அமைத்தால் கால் படும் இடமும் அரணை வாழும் இடமும் மோதிக்கொள்வதில்லை. தென்னை அல்லது புங்கன் மேலே, முருங்கையும் கறிவேப்பிலையும் நடுவில், செம்பருத்தியும் நந்தியாவட்டையும் அதற்குக் கீழே, தரையில் பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும் என்று அடுக்கு விட்டுப்போகாமல் இருந்தால், அகன்ற இலையை இழுத்துத் தைக்கத் தையல்சிட்டுக்கும் இடம் கிடைத்துவிடும்.

கொல்லையைப் பற்றி எழுதும்போது குரல் தன்னையறியாமல் கனிந்துவிடுகிறது, அங்கேதான் சந்தேகம் வருகிறது. பல வீடுகளில் கொல்லையின் கோடியில் ஒரு கதவு இருந்தது. அதற்கப்பால் ஒரு சந்து. உலர்கழிப்பறையை அள்ள வருகிறவர் வாசல் வழியாக வரக் கூடாது என்பதற்காகப் போட்ட சந்து அது. 1993-லும் மறுபடி 2013-லும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்த வேலை அந்தக் கதவு வழியாகத்தான் நடந்தது. கொல்லை மறைவாக இருந்தது, மறைக்க வேண்டியவை அங்கே இருந்ததால். கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஆயுளைக் கழித்த பெண்களுக்கு அந்தப் பசுமை எப்படித் தெரிந்தது என்று அவர்கள் எழுதிவைக்கவில்லை. இடுப்பொடிய ஐம்பது வருஷம் இலை பெருக்கிய ஒருத்தி, மகன் புது வீடு கட்டும்போது, "எல்லாத்தையும் சிமெண்டு போட்டு மூடிடுப்பா" என்று சொன்னால் அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? ஐந்தடிக்குப் பத்தடி வீட்டில் இருந்தவர்களுக்குக் கொல்லையே இருந்ததில்லை. அவர்கள் இழந்ததாகப் பேசுவதும் அபத்தம். ஆகவே மீட்க வேண்டியது கொல்லையை அல்ல, கொல்லையில் செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் இருந்த சலுகையை மட்டும். அதை யாருடைய இடுப்பின் மேலும் ஏற்றாமல் செய்ய வேண்டும். மரத்தைச் சுற்றிச் செங்கல் வட்டம் கட்டி, விழும் சருகை அதற்குள் தள்ளிவிட்டால் பெருக்கும் வேலை பாதியாகும். அடிக்கடி வெட்டச் சொல்லும் புல்தரைக்குப் பதில் வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டினால் போதும் என்கிற மருதாணி. தோட்ட வடிவமைப்புப் புத்தகங்கள் நிறத்துக்கும் பூக்கும் பருவத்துக்கும் அட்டவணை போடுகின்றன; பெருக்குவது யார் என்ற பத்தி அவற்றில் இருப்பதில்லை.

கடைசியில் எல்லை. பூவரசு, கிளுவை, ஒதியன் போத்துகளை வெட்டி நட்டால் வேலி தானாகத் துளிர்த்துவிடும். யாழ்ப்பாணத்தில் இதற்குக் கதியால் என்று பெயர்; பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் நட்டு ஓலையால் அடைத்த வேலிகள் ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் கொடுத்தன. அந்த உயிர்வேலியின் மேல் யாரும் விதைக்காமலே கோவைக்கொடி ஏறும், முடக்கத்தான் பின்னும், தூதுவளை முள்ளோடு கவ்வும், பிரண்டை தொங்கும். இருமலுக்கும் மூட்டு வலிக்கும் துவையலுக்கும் வேலிக்குத்தான் போக வேண்டும். எட்டடி மதில் இதையெல்லாம் ஒரே நாளில் முடித்துவிட்டது. மதிலை இடிக்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்க வேண்டியதுமில்லை. திருட்டு பயம் நிஜம். மதிலின் உள்பக்கம் ஒரு கம்பி வலையை விரல் இடைவெளி விட்டு அடித்தால் கோவையும் முடக்கத்தானும் ஏறிக்கொள்ளும். இன்னொன்று மழைத்தண்ணீர் போக மதிலடியில் கொத்தனார் விடும் அரைச்செங்கல் ஓட்டை. பெருச்சாளி வருகிறது என்று பெரும்பாலான வீடுகளில் அதில் தேங்காய் நாரும் சிமெண்டும் திணித்து அடைத்திருப்பார்கள். அடைப்பை எடுத்துவிட்டு ஓர் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையை அதில் பதிக்கலாம். அரணையும் சின்னத் தேரையும் அதில் நுழைந்துவிடும். வளர்ந்த பெருச்சாளி வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.